பதினோராவது அட்டை

ஏரிக்கரை மைதானத்தில் கையுறை மாட்டிக்கொண்டே மகள் பபிள்கம் ஊதினாள். அந்த இனிப்பு வாசனை பட்டதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அப்போது பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டை வரும். பதினோரு பேரையும் சேர்த்து அனுப்பினால் கம்பெனி ஒரு பேட் தரும். உத்திரமேரூரில் எங்கள் தெருப் பையன்களிடம் பத்துதான் இருந்தது. பதினோராவதான விக்கெட் கீப்பர் அட்டை என்னிடம் மட்டும்.

பக்கத்து வீட்டுக் குமார் கெஞ்சினான். "குட்றீ, பேட்டு வந்தா உனுக்கும் தரேன்."

"பேட்டு எனுக்கு இன்னாத்துக்கு? டீம்ல சேத்துக்கினா தரேன்."

"பொட்டப்புள்ளய எப்டிறீ?" என்றவன், மறுநாள் ஒத்துக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்துத் தபாலில் பேட் வந்தது. விரல் நீளம்தான், அதிலும் ஒரு பக்கம் முழுக்கப் பபிள்கம் விளம்பரம். குமார் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, "போடீ, ஆட்டமே கெடையாது" என்றான்.

"கம்பெனிக்காரன் ஏமாத்துனா நீயும் ஏமாத்துவியா?" என்று கேட்டேன். குமார் நாங்கள் பேட்டாக வைத்து ஆடும் தென்னை மட்டையை என்னிடம் நீட்டினான்.

அன்று நான் பொறுக்கி வைத்த அந்தக் குட்டி பேட் இப்போது மகளின் பையில் தொங்குகிறது. கேப்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவள் எழுந்தாள். யாருக்கும் எந்த அட்டையும் கொடுக்காமல் ஆட இறங்கினாள்.