நாலாவது லைன்

போன வாரம் மச்சான் வீட்டு நெல்லோடு குடவாசல் பக்கம் ஓர் எடைமேடைக்குப் போயிருந்தேன். டிராக்டர் ஏறி நின்றது. உள்ளே திரையில் எடை வரவில்லை. கட்டம், கேள்விக்குறி, சாய்ந்த கோடு, மறுபடி கட்டம். உட்கார்ந்திருந்த தம்பி வயரைப் பிடுங்கிச் சொருகினார். ஊதினார். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“தம்பி, லைன் ஸ்பீடு மாறியிருக்கும். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க” என்றேன்.

அவர் என் வேட்டியைப் பார்த்தார். காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார். “பெரியவரே, அந்தாண்ட நில்லுங்க. டிராக்டர் ரிவர்ஸ் வருது.”

நின்றேன். எனக்குப் படிப்பு எட்டாவது வரைக்கும். அதிலும் கணக்கில் போச்சு. நான் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? உங்களிடம் சொல்லலாம்.

அந்த அறையில் நெல் தூசியும் ஏசிக் குளிரும் கலந்து ஒரு வாசம். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஓர் இடத்தில்தான் அதை முகர்ந்திருக்கிறேன். நீடாமங்கலத்துக்கு வெளியே இருந்த ஒரு விதை கம்பெனி. நான் அங்கே எலக்ட்ரீசியன். பேர்தான் எலக்ட்ரீசியன். மோட்டார் ஓடாவிட்டால் கூப்பிடுவார்கள், குழாய் ஒழுகினாலும் கூப்பிடுவார்கள்.

கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சித்திரை மாதத்தில் எல்லோருக்கும் அந்த அறையில் ஏதாவது வேலை இருக்கும். எனக்கும் இருக்கும். ஒரு ஸ்க்ரூவை அரைமணி நேரம் முடுக்கியிருக்கிறேன்.

மெஷின் ஒன்றுதான். அதன் முதுகில் எட்டு சாக்கெட். நாலில் மட்டும் வயர் போயிற்று, வெளியே இருந்த நாலு டெர்மினலுக்கு. டெர்மினல் என்றால் டிவியும் டைப்ரைட்டரும் சேர்ந்த மாதிரி ஒன்று. சொந்த மூளை கிடையாது. ஒவ்வொரு லைனுக்கும் என்ன வேகம் என்று மெஷினுக்குள் எழுதியிருக்கும். டெர்மினலும் அதே வேகத்தில் இருக்க வேண்டும். நடவில் நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, வீசுகிறவர் ஒரு வேகம், பிடிக்கிறவர் ஒரு வேகம் என்றால் முடி சேற்றில்தானே விழும்? திரையில் குப்பை வரும்.

மூன்று டெர்மினல் புதுசு. அதற்கு வேகம் ஒன்பதாயிரத்து அறுநூறு. நாலாவது மட்டும் பழசு. அதில் பாதி, நாலாயிரத்து எண்ணூறு. காலி சாக்கெட்டுகளுக்கும் இன்ஜினியர் புது வேகத்தையே எழுதிவிட்டுப் போயிருந்தார். இதெல்லாம், வேகத்தை மாற்ற அடிக்க வேண்டிய எழுத்துகளோடு, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். வார்த்தைதான் தெரியாது.

நாலாவது டெர்மினலில் உட்கார்ந்தவள் மலர்க்கொடி. மலர் என்போம். பன்னிரண்டாவது முடித்து டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. விவசாயி வந்து பேர், ஊர், என்ன ரகம் என்று சொன்னால் அடித்துச் சீட்டு கொடுப்பாள். அவள் அம்மா அதே கம்பெனியில் பேக்கிங் கொட்டகையில் விதைக்கு மருந்து கலந்து மூட்டை பிடிப்பவர். கை எப்போதும் ரோஸ் கலரில் இருக்கும். “எம் பொண்ணு உள்ளார ஏசியில உக்காந்திருக்கு” என்று சொல்லாத நாள் கிடையாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைக்கச் சொன்னார் மேனேஜர். வயர் எல்லாவற்றையும் பிடுங்கினேன். துடைத்தேன். சந்தனம் குழைத்து மெஷினுக்கு வைத்தேன். சும்மா இருந்திருக்கலாம். சாக்கெட்டும் உழைக்கிறதே என்று எட்டுக்கும் தனித்தனியாக ஒரு பொட்டு வைத்தேன். தாராளமான கை எனக்கு. நம்பரெல்லாம் சந்தனத்துக்கு அடியில் போயிற்று. பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருட்டு. தடவிப் பார்த்துத்தான் திருப்பிச் சொருகினேன்.

விஜயதசமி அன்று மெஷினைப் போட்டார்கள். மூன்று டெர்மினல் சரியாக வந்தது. மலருடையதில் குப்பை.

குறுவை அறுத்தபின் போடும் தாளடிக்கு விதை வாங்க வாசலில் கூட்டம். மேனேஜர் திருச்சிக்குப் போன் போட்டார். வர மூன்று நாளாகும் என்றார் இன்ஜினியர். பக்கத்து டெர்மினலில் உட்கார்ந்து நாலாவது லைனுக்கு வேகத்தைத் திரும்ப எழுதச் சொன்னார். மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, மலர் அடித்தாள். எஸ், டி, டி, ஒய். அப்புறம் வேகம். எட்டு பிட். பாரிட்டி வேண்டாம், அது என்னவோ. நான் கதவோரம் நின்று தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

அவள் திரையில் அதே குப்பை.

“என்னத்தம்மா அடிச்ச?”

“நீங்க சொன்னதத்தான் சார் அடிச்சேன்.”

“சொன்னத அடிச்சா ஏன் வரல? பூஜைக்கு முன்னாடியே கண்டதையும் அமுக்கியிருப்ப.”

மறுநாளும் அப்படியே. மதியம் மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார். “நீ கொட்டகைக்குப் போம்மா. அங்க ஆள் பத்தல.” மலர் எழுந்தாள். வாசலில் செருப்பைத் தேடினாள். காலடியிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்டாள்.

நான் மெஷினுக்குப் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. அடித்தது சரி, அப்புறம் ஏன் வரவில்லை என்று மனசு அரித்தது. டார்ச் அடித்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். மலர் வயர் இருந்த சாக்கெட்டின் மேல் ஐந்து என்று போட்டிருந்தது.

நாலாவது லைனுக்கு எழுதியதெல்லாம் காலி சாக்கெட்டுக்குப் போயிருக்கிறது.

எனக்கும் தினக்கூலிதான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். சத்தமில்லாமல் பிடுங்கி நாலில் சொருகினேன். வெளியே வந்தேன். திரையில் எழுத்து பளிச்சென்று நின்றது. எல்லோரும் கூடிவிட்டார்கள். மேனேஜர் சிரித்தார். “பாத்தீங்களா? அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போச்சு, மெஷின் சரியாயிடுச்சு. நான் சொல்லல?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சரிசெய்தால் போதும் என்று நினைத்தேன். அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

டீக்கடைக்குப் போனேன். டீ வாங்கினேன். ஆடை கட்டும்வரை கையில் வைத்திருந்தேன். திரும்பி வந்து மேனேஜர் மேசை முன்னால் நின்றேன்.

“சார், வயர் மாறிப்போச்சு. பூஜையன்னிக்கு நான்தான் மாத்திச் சொருகிட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “யோவ்.” கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு, “போய்க் கூப்பிடுய்யா அந்தப் பொண்ண” என்றார்.

கொட்டகையில் மலர் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு சாக்கு வாய் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே அம்மா. என்னைப் பார்த்ததும் அம்மாதான் பேசினார். “என்னவாம்? இன்னொரு வாட்டி திட்டணுமாமா?”

“இல்லக்கா. தப்பு என் மேல. சாக்கெட்ட மாத்திப்புட்டேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். மலரக் கூப்பிடறாரு.”

மலர் துண்டை இறக்கினாள். “நான் அடிச்சது சரியா தப்பாண்ணே?”

“சரிதான். தாளோட ஒத்துப் பாத்தேன்.”

“அத அவருகிட்ட சொன்னீங்களா?”

“வயர் மாறிப்போச்சுன்னு சொன்னேன்.”

“மலர் அடிச்சது சரின்னு?”

சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

“போய் அதச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் என்னைப் பேசினாரு. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்பறம் வரேன்.”

அம்மா ரோஸ் கலர் கையால் அடுத்த சாக்கை உதறினார்.

போனேன். விவசாயிகள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். கண்ணாடி அறைக்கு முன்னால் நின்று சொன்னேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. “மலர் அன்னிக்கி அடிச்சது ஓர் எழுத்து தப்பில்ல. நான் கண்ணால பாத்தேன். கெடுத்தது நான்.” மேனேஜர் பேப்பரைப் பார்த்தபடி, “சரிய்யா, கேட்டுச்சு” என்றார்.

மலர் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். உட்கார்ந்து, “அடுத்த ஆளு வாங்க, ஊரு சொல்லுங்க” என்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. என்னை வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. அடுத்த பூஜைக்குத் தன் வயரைத் தானே பிடுங்கினாள், தானே சொருகினாள். “டார்ச்ச மட்டும் புடிங்க” என்றாள். பிடித்தேன்.

ஐந்தாறு வருஷத்தில் அவளுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டாள். அப்புறம் கம்பெனியை மூடினார்கள். கொட்டகை இடிந்தது. கண்ணாடி அறைக் கண்ணாடியை யாரோ கோழிப்பண்ணைக்கு வாங்கிப் போனார்கள். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம். எல்லோரும் செருப்போடு நடக்கிறார்கள்.

மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று வயரைக் கழற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தேன். இரும்பு ஏற்ற வந்த வேன்காரருக்கு அவசரம். “எதுக்குண்ணே ஒவ்வொண்ணா உருவிக்கிட்டிருக்கீங்க? மொத்தமா வெட்டி விடுங்க.”

எது எந்த லைன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. வெட்டினேன்.