பொம்மைக்கு வைத்த பெயர்

நான் இரண்டாம் வகுப்புக் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்த வருடம், அம்மா நர்சிங் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டு வந்தாள். எனக்கு ஒரு துணை கிடைத்ததில் உள்ளூர மகிழ்ச்சிதான்.

நான் பிறந்த பிறகு படிக்கப் போனவள் அவள். அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய்வந்தாள். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எதிலும் பிசகமாட்டாள். தேர்வில் கட்டிலில் கிடந்தது ஓர் ஆளுயரப் பொம்மை. மூச்சு விடும், நாடி துடிக்கும். அதை மயங்கிக் கிடக்கும் நோயாளியாக நினைத்து, தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் மற்ற எதற்கும் மதிப்பெண் கிடையாது. பொம்மையின் கையில் கட்டியிருந்த சீட்டில் இருந்ததோ என் அப்பாவின் பெயர்! கல்யாணமான நாளிலிருந்து அம்மா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. தட்டித் தட்டி, "ஏங்க, ஏங்க" என்றிருக்கிறாள்.

அதே பொம்மை, அதே பெயரோடு மறுதேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அதிலும் தவறினால், படித்தது போதும் என்று சொல்லப் பெரியப்பா காத்திருந்தார். வீட்டில் நான் பொம்மையானேன். அப்பா பெயரெழுதிய காகிதத்தைக் கையில் கட்டிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்தேன். அம்மா தோளைத் தட்டி, "ஏங்க" என்றாள்.

"ஃபெயிலு" என்றேன். பிறருக்குச் சொல்லும்போது அந்த வார்த்தை எவ்வளவு இனிக்கிறது!

வாசலில் நின்று பார்த்த அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "பொம்மையத்தான கூப்பிடுத? எனக்கு என்ன கொறஞ்சுரப் போவுது? பைய சொல்லிப் பாரு" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அதே கதைதான்.

தேர்வன்று நானும் அப்பாவும் கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. திடீரென்று, கட்டடமே கேட்கும்படி அம்மாவின் குரலில் அப்பாவின் பெயர்! கூடவே, "கண்ணத் தொறங்க! நான் பேசுதது கேக்குதா?"

"கேக்குதுட்டீ!" என்று அப்பா துள்ளி எழுந்துவிட்டார்.

வராந்தாவே சிரித்தது. அம்மாவின் குரல் மட்டும் தடுமாறவில்லை. அடுத்தடுத்துச் செய்வதைப் பொம்மைக்குச் சொல்லிக்கொண்டே போனது. வெளியே வந்தவள் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜெயித்துவிட்டாள் என் அம்மா!

திரும்பும் பஸ்ஸில் அப்பா அவள் பக்கம் சாய்ந்து, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே மெல்லச் சொன்னாள். சேரன்மகாதேவி வருவதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டார். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று எனக்கு ஒரே கவலை. அம்மாதான் நர்ஸாகப் போகிறாளே, பார்த்துக்கொள்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தூங்கிப்போனேன்.