மூன்றாவது துணி

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெயர் சட்டப்புத்தகம். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்வேன். தங்கைக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் சுற்றி, கிருமி சாக நீராவி இயந்திரத்தில் வைத்து எடுக்கும் அறையில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத அறை அது. நான் நடைக்கூடத்தின் எதிர்ப்பக்கம், சலவைப் பகுதியில். துவைத்து மடித்த துணி என் கையிலிருந்துதான் அவள் கைக்குப் போகும். வீட்டிலும் ஒரே சமையலறை. அவளுக்குக் கல்யாணம் வாய்க்கவில்லை, எனக்கு வாய்த்தது நிலைக்கவில்லை. ஆக, ஒருத்திக்கு ஒருத்தி என்று ஆகிப்போனோம்.

அவளோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. விடிவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஜெபம். வெள்ளிக்கிழமை உபவாசம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, அது தற்பெருமையோ என்று இரண்டு நாள் வருந்துவாள். இத்தனையும் செய்துவிட்டு, சபையில் திருவிருந்து கொடுக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கத் தனக்குத் தகுதி இல்லையாம். முப்பது வருடமாக இல்லாத தகுதி இனி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் எனக்குத் தெரியும். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அம்மா பிழைத்தால் சாகும்வரை வெள்ளிக்கிழமை சாப்பிடமாட்டேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை செய்தாள். ஏழாவது வெள்ளிக்கிழமை, யாரோ கொடுத்த பிஸ்கெட்டை ஞாபகமில்லாமல் தின்றுவிட்டாள். அடுத்த புதன்கிழமை அம்மா இறந்துபோனாள். மருத்துவர் சொன்ன காரணம் வேறு. அக்காவைப் பொறுத்தவரை காரணம் அந்த பிஸ்கெட்தான். அன்றிலிருந்து எதைச் செய்தாலும் சொன்னதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்வதே அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த வழக்கம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்களைக் கவிழ்த்தது.

கருவிகள் அடங்கிய ஒவ்வொரு கட்டையும் இரண்டு துணியில் சுற்ற வேண்டும். மேலே ஒட்டும் பட்டையில், சூடு பட்டால் கறுப்புக் கோடுகள் தெரியும். கட்டுக்குள்ளே ஒரு காகிதத் துண்டு வைப்பார்கள், நீராவி உள்ளே போய்ச் சேர்ந்தால் அது நிறம் மாறும். அன்றைக்கு வந்த துணிகள் நைந்துபோயிருப்பதாக அக்காவுக்குப் பட்டது. என்னிடம் வந்து நின்றாள்.

"சின்னவளே, புதுசா தடித் துணி வந்துச்சுல்ல, அதுல மூணு குடு. மூணு கட்டுக்கும் மேல ஒண்ணொண்ணா சுத்திடறேன்."

"எதுக்கு? ரெண்டுதானே கணக்கு."

"கூட ஒண்ணு சுத்தினா கெட்டாப் போயிடும்? பாதுகாப்புதானே."

ஒரு ஈடு சலவை இறக்கிக்கொண்டிருந்தேன். வாக்குவாதம் செய்ய நேரமில்லை. அலமாரியைத் திறந்து கொடுத்தேன். மூன்று கட்டுகளிலும் மூன்றாவது துணியைச் சேர்த்து, காற்றுக்கூடப் புகாத அளவுக்கு இறுக்கிச் சுற்றினாள். காற்றே புகாத இடத்தில் நீராவி எப்படிப் புகும்? வெளியே பட்டையில் கோடுகள் கறுகறுவென்று வந்துவிட்டன. உள்ளே இருந்த கருவிகளோ வேகாமல் பச்சையாகவே இருந்தன. அவசரத்தில் உள்ளே இருந்த காகிதத்தை யாரும் பார்க்கவில்லை. ஆபரேஷன் முடிந்து மேசையை ஒழிக்கும்போதுதான் நர்ஸ் பார்த்திருக்கிறாள், நிறம் மாறாத காகிதத்தை. மற்ற இரண்டு கட்டுகளையும் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார்கள். முதல் கட்டில் இருந்த கருவிகள் ஏற்கெனவே ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் போய் வந்துவிட்டன.

அந்தப் பெண் பேருந்து நடத்துநர். பித்தப்பையில் கல். மூன்று நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவளுக்கு ஐந்தாம் நாள் புண் சீழ் பிடித்து, மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள்.

மேட்ரன் விசாரணைக்குக் கூப்பிட்டார். துணி இருப்பைச் சொல்ல நானும் போயிருந்தேன். "மூணாவது துணி எங்கேருந்து வந்துச்சு?" என்று மேட்ரன் கேட்டதும் இடுப்பில் செருகியிருந்த சாவியை நான் கையால் மூடிக்கொண்டேன்.

"நானே எடுத்தேன்" என்றாள் அக்கா.

"அலமாரி சாவி இவகிட்டதானே இருக்கும்?"

"இவ டீ குடிக்கப் போயிருந்தா. சாவி மேசையில கெடந்துச்சு."

பிறந்ததிலிருந்து அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த ஒரு பொய்யை, சட்டப்புத்தகமே திறந்து வாசித்ததுபோல, கண் இமைக்காமல் சொன்னாள். நானும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதுகூட என் காது சுடுகிறது. பின்னால் நானாகப் போய் மேட்ரனிடம் சொன்னேன், அதற்குரியதை அனுபவித்தேன். ஆனால் அன்று கோழைபோல் நின்றேன், அதுதான் உண்மை.

அக்காவைக் காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவள் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை, போதவில்லையாம். நேரே வார்டுக்குப் போய் நடத்துநரிடம், தான் யார், என்ன செய்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, "போங்க" என்றார், அவ்வளவுதான். அவர் வீடு திரும்பிய பிறகு அக்கா அங்கேயும் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். இந்த முறை அவரே கதவைத் திறந்து, "யோசிச்சுப் பார்த்தேன். மன்னிச்சிட்டேன். போய்ட்டு வாங்க" என்றாராம். அக்கா போகவில்லை. உள்ளே நுழைந்து துடைப்பத்தை எடுத்தாள்.

அன்று முதல் தினமும் போனாள். கிடங்கில் காலை முறை முடிந்ததும் நேரே அங்கே. பெருக்குவாள், துவைப்பாள், பாத்திரம் தேய்ப்பாள். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை உபவாசம் இப்போது ஏழு நாளும் ஆயிற்று. இருட்டிய பிறகு ஒரு காய்ந்த ரொட்டி, அதுவும் பாதி. ரவிக்கை தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. கிடங்குப் படியில் ஒரு நாள் மயங்கி விழுந்தாள். இப்படியே போனால் மிஞ்சமாட்டாள் என்று மருத்துவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் வரும். தட்டைத் தூக்கி எறிந்து கத்திப் பார்த்தேன். சிந்தியதைக் குனிந்து துடைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

போதகரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். சின்ன வயதுக்காரர், கொஞ்சம் குண்டு, மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"அம்மா, நீங்க கட்டளைகளைக் கைக்கொண்டதுக்காக ஆண்டவர் உங்கள ரட்சிக்கல. அவர் ரட்சிச்சது கிருபையால. நீங்க அத விசுவாசிச்சா போதும்."

"அது சரிங்க ஐயா. நாம செய்ய வேண்டியதுன்னும் ஒண்ணு இருக்குல்ல?"

"சிலுவையில அவர் செஞ்சு முடிச்சிட்டார். அதுக்கு மேல நீங்க எதச் சேர்க்கப் போறீங்க?"

"கூடக் கொஞ்சம் சேர்த்தா கெட்டாப் போயிடும்?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

நானும் நிமிர்ந்து பார்த்தேன். அலமாரி முன்னால் நின்று அவள் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். போதகருக்கு ஒன்றும் புரியவில்லை. தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார்.

"கடவுள்கிட்டயும் நான் அதத்தான்டி பண்ணிட்டிருந்திருக்கேன்" என்றாள் அக்கா. "சுத்திச் சுத்தி இறுக்கி வச்சுட்டேன். அவர் உள்ள வரவே வழி விடல."

அப்பாடா, ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். எங்கே! அப்படி இருந்ததும் பெரும் பாவம்தானே என்று சொல்லி, அதற்காக அந்தப் பாதி ரொட்டியையும் மூன்று நாள் விட்டுவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சமையலறையில் போய் நின்றேன்.

நான்காம் நாள் சனிக்கிழமை. பிற்பகல் இருக்கும், நடத்துநர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தக் குரலுக்குத் தொலைபேசியே தேவையில்லை.

"உங்க அக்கா என் வீட்டக் கழுவிக் கழுவி, கடைசில என்னையும் சேர்த்துக் கழுவி ஊத்திடுவா போல இருக்கு. நிக்க முடியாம செவரப் பிடிச்சுட்டு நிக்கிறா. வந்து கூட்டிட்டுப் போ."

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அக்கா முழங்காலிட்டு பிரஷ்ஷால் அடுப்புக்கு அடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தேய்க்க என்ன மிச்சமிருந்தது என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். நடத்துநர் வயிற்றில் ஒரு கையை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசையில் சூப்பும் ரொட்டியும் வைத்திருந்தது.

"உன்னத்தான். எந்திரிச்சு வந்து சாப்பிடு. பஸ்ல நிக்கிற ஆளுங்கள உட்கார வச்சே எனக்குப் பாதி ஆயுசு போச்சு, வீட்டுலயுமா?"

"இதோ முடிச்சிடறேன்" என்றாள் அக்கா.

"நான் ஒண்ணு கேக்கறேன், நெஞ்சுல கைய வச்சுப் பதில் சொல்லு. மன்னிச்சிட்டேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"நீ அத நம்பல. தெனம் வந்து தரையத் தேய்க்கிறியே, எனக்கு அது எப்படி இருக்குன்னு தெரியுமா? நீ பொய் சொன்ன, நீ பொய் சொன்னன்னு நூறு தடவ என் மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி இருக்கு."

அக்காவின் கை நின்றது. மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள்.

"அந்த மூணாவது துணியக் குடுத்தது நான்" என்றேன். "ரெண்டுதான் சுத்தணும்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் அலமாரியத் தொறந்து குடுத்தேன். அக்கா என்னக் காட்டிக் குடுக்கல."

"அவ சும்மா சொல்றா" என்றாள் அக்கா அவசரமாக.

நடத்துநர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கீழே தெருவில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது தடவ கிழிச்சப்ப செத்துட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார். "இன்னும் நிமிர்ந்து படுக்க முடியல. வண்டியில ஏறி எத்தன நாளாச்சு தெரியுமா? நீ இவ்வளவு நாள் வாய மூடிட்டு இருந்திருக்க."

"ஆமா" என்றேன்.

அக்கா முழங்காலாலேயே நகர்ந்து வந்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் சோப்பு நுரை. "அவள ஒண்ணும் சொல்லாதீங்க. அவ சின்னவ, நான்தான் கேட்டேன். அவள மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கணும்னா அவ என்ன செய்யணும்? நாளைலேருந்து அவளும் வந்து துணி துவைக்கணுமா?"

"வேணாங்க. அவ ஒண்ணும் செய்ய வேணாம். அப்படியே மன்னிச்சிடுங்க."

"அப்படியேவா?"

"அப்படியே."

நடத்துநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. கோபத்தை வைத்துக்கொண்டேதான் சொன்னார்: "சரி. அப்படியே மன்னிச்சேன்." பிறகு அக்காவிடம் குனிய முயன்று, வலியில் பல்லைக் கடித்தார். "இவள மன்னிச்சிட்டேன்னு நம்பறியா?"

"நம்பறேன்."

"இவ இன்னும் ஒரு தட்டுகூடக் கழுவல."

"இருக்கட்டும். நீங்க சொல்லிட்டீங்கல்ல."

சொல்லிவிட்டு அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள், ஈரத் தரையில். தான் என்ன சொன்னோம் என்று அவளே யோசிப்பது தெரிந்தது. கேட்கவே பயப்படுகிறவள்போல மெல்லக் கேட்டாள்.

"அப்ப... நான்?"

"உன்னையும்தான்டி. என்னிக்கோ சொன்னேனே."

பிரஷ்ஷை அவள் கையிலிருந்து நடத்துநர்தான் வாங்கினார். நான் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். எடையே இல்லை. மூன்று கிண்ணங்களில் அந்த அம்மாவே நின்றுகொண்டு சூப்பை ஊற்றினார். அக்கா உதவப் பாதி எழுந்தாள். அவர் முறைத்த முறைப்பில் மறுபடி உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்து, மேசையில் வைத்து, மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.

சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிட அழுதாள், மூக்கைக்கூடத் துடைக்கவில்லை. நானும் அவளைப் பார்க்காமல் என் கிண்ணத்தைப் பார்த்தே சாப்பிட்டேன். நடத்துநர் பேருந்தில் நடந்த ஏதோ சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. கிண்ணம் காலியானதும் அக்கா அதைக் கழுவ எழுந்துகொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழவில்லை. ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக, காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் முன்னால் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?" என்று கேட்டாள்.