அப்பா ஜாடை

தையல் மெஷின் பழுதுபார்ப்பவர் ஒருவரின் நாலு வயது மகளுக்கு மறுபடியும் கால் உடைந்தது. ஊர் ஊராக அலைந்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் உள்ளூர் ஆஸ்பத்திரிக்கே எலும்பு நோய் டாக்டரம்மா ஒருவர் வந்துசேர்ந்தார். குழந்தையின் வெண்விழியில் நீலம் படர்ந்திருப்பதைக் கவனித்தவர், தகப்பன் கண்ணையும் உற்றுப் பார்த்தார். அங்கேயும் அதே நீலம்.

"சின்ன வயசுல உங்களுக்கும் எலும்பு உடைஞ்சிருக்கா?"

"நாலஞ்சு தடவை. அப்ப நான் சரியான வாலு."

"வாலுத்தனம் இல்லீங்க, இதே நோய்தான். பரம்பரையா வர்றது, கண்ணுல நீலமும் அதனாலதான். முழுசா குணமாகாது, மருந்து ஏத்தினா உடையறது குறையும். இங்கேயே பாத்துக்கலாம்."

இனி அலைச்சல் இல்லை என்று மனைவிக்கு நிம்மதி. அவரோ ஆஸ்பத்திரி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் கண்ணு அப்படியே வந்திருக்குன்னு பீத்திக்கிட்டேனே," என்றார்.

"நீங்க என்ன, வேணும்னேவா குடுத்தீங்க?" என்றாள் மனைவி.

அவர் குலுங்கி அழுதார்.