பட்டம் பார்க்கப் போன டார்ச் அக்கா

நகராட்சி சுகாதாரப் பிரிவில் எல்லோரும் அவளை டார்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருத்தெருவாகப் போய், எந்த வீட்டில் காய்ச்சல், எந்தத் தொட்டியில் கொசுப்புழு என்று கணக்கெடுப்பது அவள் வேலை. "தொட்டிய இப்பத்தாங்க கழுவினோம்" என்று யாராவது சொன்னால், "சந்தோஷம், மூடியத் திறங்க" என்று உள்ளே டார்ச் அடிப்பாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்றால், காலி அட்டையைக் காட்டியாக வேண்டும். ஒருமுறை கமிஷனர் வீட்டுத் தொட்டியையும் திறக்கச் சொல்லிவிட்டாள். உள்ளே புழு நெளிந்தது. அந்த ஆண்டு அவளுக்குச் சம்பள உயர்வு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை.

களமேற்பார்வையாளர் வேலையையும் பல ஆண்டுகளாக அவள்தான் பார்த்துவந்தாள். நாற்காலி இல்லை, பெயர்ப்பலகை இல்லை, அந்தச் சம்பளமும் இல்லை; வேலை மட்டும் இருந்தது. இப்போது அதை நிரந்தரப் பதவியாக்கப் போகிறார்களாம். ஆனால் பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் வேண்டுமாம்; மூன்று ஆண்டுக்குள் வாங்கிவிட வேண்டுமாம். அவளிடம் இருந்ததோ விலங்கியலில் ஓர் இளங்கலை. பட்டம் வாங்காவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். அவருக்குத் தெருவைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலையாகும். கையில் இருந்தது ஒரே ஒரு சேமிப்பு. தப்பான இடத்தில் கட்டினால் போனது போனதுதான்.

கூடவே குடியிருந்த அவள் கொழுந்தன் செல்போன் கடை வைத்திருந்தான். யோசனை மட்டும் இலவசமாகக் கொடுப்பான்.

"அந்தக் கண்ணாடிக் கட்டடக் காலேஜ்ல சேருங்க அண்ணி. பேருக்குத்தான் மதிப்பு."

"அங்க ஃபீஸ் என் ரெண்டு வருஷச் சம்பளம் தம்பி."

"போட்டாத்தானே அண்ணி வரும்?"

"எவ்வளவு வரும்?"

"அது... வரும்."

பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டியிருந்த கணவர் சொன்னார்: "இவன் கடையில போன் வாங்கறவங்களும் இப்படித்தான் நம்பி வாங்கறாங்க."

அவள் நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தாள்.

கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஏசி எலும்பைத் துளைத்தது. சேர்க்கை ஆலோசகன் கோட்டு போட்ட இளைஞன். அவள் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"எங்க ஸ்டூடண்ட்ஸ்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேரு வேலையில இருக்காங்க மேடம்."

"ரொம்ப நல்லது. ஒருத்தரக் காட்டுங்க."

"நானே இங்கதான் படிச்சேன் மேடம்!"

"இன்னொருத்தர்?"

பக்கத்து மேசையைக் காட்டினான். அங்கே ஒரு பெண் போனில், "ரெண்டே சீட்டுதான் சார் இருக்கு" என்று உருகிக்கொண்டிருந்தாள். எதிர் மேசையும் அப்படியே. படித்து முடித்தவர்கள் அத்தனை பேரும் அடுத்த ஆண்டுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்று அவளுக்குத் தெரியும். பட்டம் பரவுவதை அன்றுதான் பார்த்தாள்.

கட்டண விவரத்தில் களப்பயிற்சிக்கென்று தனியாக அவளுடைய நான்கு மாதச் சம்பள அளவுக்கு ஒரு தொகை போட்டிருந்தது.

"இதுல என்ன சொல்லித் தருவீங்க?"

"நேரடி அனுபவம் மேடம்! அந்தப் படத்தப் பாருங்க."

சுவரில் பெரிய புகைப்படம். வெள்ளைக் கோட்டு மாணவர்கள் ஒரு தொட்டியைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் டார்ச் பிடித்த கை ஒன்று மட்டும் தெரிந்தது. ஆளை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"அந்தக் கை என்னோடது."

"மேடம்?"

"இவங்கள எங்க வார்டுல கூட்டிட்டுப் போனது நான்தான். ஒரு டீ கூட வாங்கித் தரல. இப்ப நானும் பணம் கட்டிட்டு, என் பின்னாடியே நடந்து வரணுமா?"

அவன் கம்ப்யூட்டரைக் கவலையோடு பார்த்தான். "களப்பயிற்சி எல்லாருக்கும் கட்டாயம் மேடம்."

இரண்டாவது, ஆன்லைன் கல்லூரி. போய்ப் பார்க்கக் கட்டடமே இல்லை. அவர்களே போனில் துரத்தினார்கள். காலையில் முழுக் கட்டணம், மதியம் முக்கால், சாயங்காலம் பாதி. "பேசாம இரு, நாளைக்கு அவங்களே நமக்குக் காசு குடுப்பாங்க" என்றார் கணவர்.

"சந்தேகம் வந்தா யாரக் கேக்கறது?" என்று கேட்டாள்.

"அதுக்கும் வீடியோ இருக்கு மேடம்."

மூன்றாவது அரசுக் கல்லூரி. ஆறு மாதச் சம்பளத்தில் முடிந்துவிடும். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. "இங்க ஏம்மா வந்தீங்க?" என்றுதான் அலுவலக எழுத்தர் வரவேற்றார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மேலே மெல்லிய துணி. அவளுக்குக் கை சும்மா இருக்குமா? துணியை விலக்கி டார்ச் அடித்தாள். உள்ளே புழுக் கூட்டம். மூளை யோசிக்கும் முன்பே கை தொட்டியைக் கவிழ்த்துவிட்டது.

"ஐயோ! பிராக்டிகலுக்கு வளர்த்தது அக்கா அது!"

ஓடி வந்தவள் பேராசிரியை. அக்காவைவிடப் பத்து வயதாவது இளையவள்; கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"மன்னிச்சிருங்க, பழக்க தோஷம். நகராட்சியில இருக்கேன். எங்க வார்டுல இந்த வருஷம் காய்ச்சல் ரெண்டு மடங்கு. அதான் புழுவப் பாத்ததும் கை நிக்கல."

பேராசிரியை பிஸ்கட்டை மென்றபடியே கேட்டாள்: "காய்ச்சல் ரெண்டு மடங்கா, இல்ல நீங்க போன வீடு ரெண்டு மடங்கா?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு மனதுக்குள் கணக்குப் போட்டாள். போன ஆண்டு பாதி ஆட்கள் விடுப்பில் இருந்தார்கள். இந்த ஆண்டு புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்து, எட்டிப் பார்க்காத சந்துக்கெல்லாம் போய் வந்தார்கள். அவளோ மேலிடத்துக்கு 'இரண்டு மடங்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதை நம்பி ஊர் முழுக்க ஒரு மாதம் புகையடித்தார்கள், ஊரே இருமியது.

"அப்ப காய்ச்சல் ஏறிச்சா, ஏறலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்? நூறு வீட்டுக்கு எத்தனைன்னு ரெண்டு வருஷத்துக்கும் போட்டுப் பாக்கணும். அதுவும் அதே தெருக்கள்ல. முதல் பாடமே அதான்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "இடிஞ்சு விழற கட்டடம் அண்ணி அது! வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுக்க முடியுமா?"

"மத்த ரெண்டு எடத்துலயும் எனக்குத் தெரியாதது எதையும் அவங்க சொல்லல தம்பி. இங்க ஒரே கேள்வியில என் வாய அடைச்சுட்டா."

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உன் வாயவா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்களால முடியலயே. நாளைக்கே பணத்தக் கட்டிடு."

"சனி, ஞாயிறு முழுக்க கிளாஸ். ரெண்டு பஸ் மாறிப் போகணும். சமையல் நீங்க ரெண்டு பேருந்தான்."

கொழுந்தன் சத்தமில்லாமல் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான்.