அப்பா தலையாட்டிய சம்பந்தம்

இன்று காலை தங்கைக்குச் சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளை கப்பல்காரர். வீட்டார் கொச்சியில் இருப்பதால் பேச்சு கம்ப்யூட்டரில்.

திரையில் அவர்கள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

“கேக்கலன்னு சொல்லிராதலே, மரியாதையா இருக்காது” என்று அப்பா என்னை அடக்கிவிட்டு, சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார்.

நான் ஸ்பீக்கரைத் தட்டினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன். கடைசியில் பார்த்தால், பிரவுசரில் அந்த டேப் மட்டும் மியூட்டில் இருந்தது. எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பேசிக்கொண்டிருந்தார். “ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. அப்ப அவன் கப்பல் ஏறுத நேரமெல்லாம் அவன் வளக்குத மூணு நாயும் உங்க வீட்டுலயே இருக்கட்டும்.”

அப்பா தெருநாயைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர். ஆனால் தங்கைக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. மறுபடியும் தலையாட்டினார்.

தூத்துக்குடியில் பழக்கிவிடும் ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நாய்களை அல்ல, அப்பாவை.