வெர்னா பார்த்த சாம்பல்

அமெரிக்காவின் வடகோடியில் உள்ள ஹான்காக் ஊரில் வீட்டுக்குள் பெயின்ட் அடிக்க நினைத்தவர்கள் எல்லாரும், இருபத்தாறு வருடமாக, முதலில் போய் நின்றது வெர்னா லாஹ்டியின் முன்னால்தான். மேட்டுத்தெரு ஹார்டுவேர் கடையின் பின்கோடியில், டின்களைப் பிடித்து உலுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அவளுடைய மேஜை. தலையணை உறை, ஒற்றைக் காலுறை, ஒருமுறை பாதி கடித்த பீச் பழம் என்று எதையாவது கொண்டுவந்து, "இந்தக் கலர் வேணும்" என்பார்கள். நிறத்தை அளந்து சொல்லும் கருவி ஒன்று கடையில் இருந்தது. அதன் தலையில் வெர்னா தன் காபிக் கோப்பையை வைத்திருந்தாள். கண்ணாலேயே பார்த்து, இதில் இரண்டு சொட்டு, அதில் ஒரு சொட்டு என்று கலந்து கொடுப்பாள். அச்சு அசலாக இருக்கும்.

நிறம் மட்டுமல்ல, பஞ்சாயத்தும் அவளிடம்தான். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி படுக்கையறைக்காக ஷேடு கார்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

"சரி, காலைல யாரு முதல்ல எந்திரிக்கிறது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றான் அவன்.

"அப்ப செவரு அவருக்கு, திரைத்துணி உனக்கு. போங்க, போய்ச் சாப்புடுங்க."

அறுபத்து மூன்று வயதில், எதிரே வரும் வண்டிகளின் விளக்கு அவளுக்குப் பூப்பூவாகச் சிதறத் தொடங்கியது. இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். முதலில் வலது கண், ஒரு மாதம் கழித்து இடது. மார்ச் மாதத்தில், வாசலில் இடுப்பளவு பனி கிடக்கும்போது, வலது கண்ணுக்கு அறுவை முடிந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்துவிட்டு வந்து, காபி போடலாமென்று சமையலறைக்குள் நுழைந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன் அவளே பொறுக்கி, அவளே அடித்த சுவர். புறாவின் கழுத்துக்குக் கீழே இருக்கும் சாம்பல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். இப்போது அது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. வலது கண்ணைப் பொத்தினாள், சாம்பல். இடது கண்ணைப் பொத்தினாள், கத்தரிப்பூ. மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தாள். புரை என்பது மங்கல் மட்டும் அல்ல, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குள் ஏறிய பழுப்பு என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தப் பழுப்பு பெயின்ட்டில் இருப்பதாக நினைத்து, அதைக் கழிக்க எல்லாவற்றிலும் அவள் நீலத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

அவள் கணவன் க்ளிஃப், பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன், மேஜையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"க்ளிஃப், இந்தச் செவரு என்ன கலரு?"

அவன் ஏதோ பொறி வைக்கிறாள் என்பதுபோல் பார்த்தான். "ஏன், என்னாச்சு?"

"சொல்லு."

"ஊதா."

"எப்பலேர்ந்து?"

"அடிச்ச அன்னியிலேர்ந்து."

"ஆறு வருஷமா ஊதா ரூம்ல உக்காந்து தின்னுட்டு இருக்க, ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ பெயின்ட்டுக்காரி. சாம்பல்னு சொன்ன. ஊருக்கே நீதான் சொல்ற. நான் யாரு நடுவுல?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

அன்று முழுதும் அவளுக்கு ஊர் வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பல் டாக்டரின் காத்திருப்பு அறை. சர்ச்சின் கீழ்த்தளக் கூடம். அவள் கையால் கலந்த சாம்பலும் வெள்ளையும் எத்தனை! எல்லாரும் வாயைத் திறக்காமல் குடியிருக்கிறார்களா? வாயைத் திறந்தவர் ஒருவர் இருந்தார். ஆர்வோ நிஸ்கா. செம்புச் சுரங்கக்காரரின் மகன், எழுபத்து நாலு வயது, தனிக்கட்டை. மூன்று வருடத்துக்கு முன், முன்னறைக்கு வெள்ளை வாங்கிப் போனவர் மறுவாரமே திரும்பி வந்து, நீலமாக இருக்கிறது என்றார். "வெளிய பனி, அந்தாண்ட தண்ணி. வெளிச்சம் அப்படி. பல்பை மாத்துங்க" என்று நாலு பல்பைக் கையில் கொடுத்து அனுப்பியவள் இவள்தான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சனிக்கிழமை, கறியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டி இரண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவர், சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருவதுபோல் அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "யாரு செத்தது?"

"யாரும் சாகல. ஆர்வோ, உங்க ரூம் நீலம்தான்."

"இன்னொரு தரம் சொல்லு. காது கொஞ்சம் மந்தம்."

"நீலம்தான். தப்பு என்னோடது. என் கண்ணுல புரை இருந்திருக்கு."

அவர் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். அறை, கறந்து நீர் ஊற்றிய பால்போல, சந்தேகமே இல்லாமல் நீலம் பாரித்திருந்தது. வெர்னா நடுவில் நின்றாள்.

"இவ்வளவு நீலமா இருக்கு, ஏன் மாத்தி அடிக்கல?"

"நீ அடிச்சுச் சொல்லிட்டியே. சரி, என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். அம்பது மைல் வண்டி ஓட்டிக் கண் டாக்டர்கிட்டப் போனேன். கண்ணு நல்லா இருக்குன்னாரு." ஆர்வோ மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அவரையும் நம்பல."

வெர்னாவால் சிரிக்க முடியவில்லை. தவறான நிறத்தை விற்றதை அவள் தாங்கிக்கொள்வாள். சுவரில் இன்னொரு கோட்டு அடித்தால் போயிற்று. ஒரு மனிதர் தன் கண்ணையே மூன்று வருடம் சந்தேகப்பட்டிருக்கிறார் என்பதற்கு எந்த டின்னைத் திறப்பது?

"எந்தக் கலர் வேணும்னு நீங்க சொல்லுங்க. நானே வந்து அடிக்கிறேன்."

"நீ என்ன சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்றதா இல்ல."

அவர் இதற்குப் பழகவில்லை. பாஸ்டியைத் தின்று முடிக்கும் வரை சுவரையே பார்த்துவிட்டு, "காபில பால் கூடிப்போனா ஒரு கலர் வருமே, அது" என்றார். இரண்டு நாளில் இருவருமாக அடித்து முடித்தார்கள். மூலை முடுக்கெல்லாம் பிரஷால் இழுத்தது அவள், ரோலரை உருட்டியபடி, "இது என்ன கலரு வெர்னா, பச்சையா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சீண்டியது அவர்.

இரண்டாவது கண்ணும் தெளிந்து வேலைக்குத் திரும்பியபோது, கடையில் நின்றவர்களிடம் அவள் மறைக்காமல் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். பல் டாக்டரின் மனைவி, அந்த அறையை எல்லாரும் பாராட்டுகிறார்களே, இப்படியே இருக்கட்டும் என்றாள். சர்ச்சுக்காரர்கள் இரண்டு டின் வாங்கிப் போனார்கள். நிறம் அளக்கும் கருவியின் மேலிருந்த கோப்பை இடம் மாறியது. யாராவது துணியை நீட்டி, "இது என்ன கலர்னு சொல்லுங்களேன்" என்றால், "உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று முதலில் கேட்கப் பழகிக்கொண்டாள்.

வீட்டில், சமையலறைக்கு நிறம் பார்க்கும் வேலையை க்ளிஃபிடம் விட்டாள். அவன் ஷேடு கார்டை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். கடைசியில் பட்டாணிப் பச்சை ஒன்றின் மேல் கட்டைவிரலை வைத்தான்.

"பச்சையா? உனக்குப் பச்சை பிடிக்குமா?"

"எப்பவுமே பிடிக்கும்."

முப்பத்தெட்டு வருடக் குடித்தனம். அவளுக்கு இது தெரியாது. "வேற என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்க?"

"ஒண்ணொண்ணா சொல்றேன், அவசரம் என்ன?"

அடித்து முடித்து, மறைப்பு டேப்பை உரித்தபின் இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அடுப்புக்குப் பின்னாடி பச்சை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, க்ளிஃப்."

"ஜாஸ்திதான்" என்றான் அவன், பிரஷைக் கழுவ எடுத்துக்கொண்டே. "இருக்கட்டும்."